‘ஒரே யோசனை, டொக்டர்’
முகாம் வாழ்வும் மனநலமும்

பல ஆண்டுகளுக்கு முன்னர், அருகிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு தாயார் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். “சரியான தலையிடி. நித்திரை இல்லை. ஒரே யோசனை, டொக்டர்” என்றார். தலைவலி, தூக்கமின்மை என்று குறித்துக்கொண்டோம். ‘யோசனை’ என்ற சொல்லைக் கடந்து சென்றுவிட்டோம். ஸ்கேனில் குறை எதுவும் இல்லை. மூன்று முறை வலி மாத்திரை எழுதிக் கொடுத்தோம். நான்காம் முறை உடன்வந்த மகள்தான் கூறினார்: “டாக்டர், யோசனைன்னா எங்க அம்மா கவலையைச் சொல்றாங்க.”

தமிழகத்தில் யோசனை என்பது எண்ணம் அல்லது ஆலோசனை. ஈழத்து வழக்கிலோ அது பெரும்பாலும் மனத்தை அரிக்கும் கவலை. ஒரே மொழியைப் பேசியும் அவரது நோயின் பெயரை மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் தவறவிட்டிருந்தோம். (அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியுள்ளோம்.)

1983 முதல் அலை அலையாகக் கடல் கடந்து வந்தவர்களுள் பல்லாயிரம் பேர் இன்றும் தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். 2021இல் அவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்ற பெயரை அரசு வழங்கியது. பெயர் மாறினாலும், சுமந்து வந்த நினைவுகள் எளிதில் மாறுவதில்லை. போரும் மோதலும் கண்ட பகுதிகளின் மக்களுள் சுமார் 22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எஞ்சியோர் துயரமற்றவர்கள் என்பது இதன் பொருளன்று. துயரம் வேறு, நோய் வேறு. பெரும்பாலோர் உறவுகளின் துணையால் மீள்கின்றனர். மீள இயலாதவர்களுக்குச் சிகிச்சை உண்டு.

உடலின் மொழி

மனத்தின் வலி பெரும்பாலும் உடலின் வழியாகவே எங்களிடம் வந்து சேர்கிறது. ஆறாத தலைவலி, நெஞ்சு இறுக்கம், அடிக்கடி எழும் பெருமூச்சு, உடல் முழுதும் நோவு ஆகியவை ‘நடிப்பு’ அல்ல. பட்டாசுச் சத்தத்திலோ ஹெலிகாப்டர் ஒலியிலோ உடல் நடுங்குதல், திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவு, எதிலும் ஒட்டாத மனம், காரணமற்ற சினம், தூங்குவதற்காகவே மது அருந்துதல் ஆகியவையும் அறிகுறிகளே. முகாமிலேயே பிறந்து, போரைக் காணாத பிள்ளைகளிடமும் சோர்வைக் காண்கிறோம். படித்து முடித்த பின்னரும் குடியுரிமை இல்லாமையால் எதிர்காலம் தெளிவற்றிருப்பதே அவர்களது ‘யோசனை’.

காத்திருக்கும் துயரம்

அந்தத் தாயாரின் மூத்த மகன் போரின் இறுதி மாதங்களில் காணாமற்போனவர். இறந்தார் என்று அழவும் இயலாது. இருக்கிறார் என்று மகிழவும் இயலாது. “இனி வரமாட்டான், மறந்துவிடு” என்று உறவினர்கள் ஆறுதல் கூற முயன்றபோதெல்லாம் அவரது வலி கூடியது. மறப்பது மகனைக் கைவிடுவதாகும் என அவர் அஞ்சினார். இத்தகைய குடும்பத்தாரிடம் மரணத்தை ஏற்கும்படி நாங்கள் வற்புறுத்துவதில்லை. நம்பிக்கையை விட்டால்தான் நலம் பெற முடியும் என்பதும் இல்லை. தேடிக்கொண்டே உண்ணலாம், உறங்கலாம், பேரக்குழந்தையைக் கொஞ்சலாம். அதற்கு வழிகாட்டுவதே எங்கள் பணி.

சிகிச்சை

மனச்சோர்வுக்கும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கும் பேச்சுவழிச் சிகிச்சை நல்ல பயன் தரும். நடந்த அனைத்தையும் முதல் நாளிலேயே சொல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை. எப்போது, எவ்வளவு என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். மருந்து தேவைப்பட்டால், அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நலமடைந்த பின்னரும் பல மாதங்கள் தொடர வேண்டும், திடீரென நிறுத்தலாகாது. கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கி உண்பது பழக்கத்துக்கு அடிமையாக்கும்.

மருந்துச் சீட்டினால் குடியுரிமையோ வீடோ வேலையோ தர இயலாது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் உறங்கி எழுந்த மனத்தால் அவற்றுக்காகப் போராட முடியும்.

பலர் அஞ்சுவது ஒன்று உண்டு: “இங்கே சொல்வது முகாம் பதிவேட்டுக்கோ காவல்துறைக்கோ போகுமா?” மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி, நோயாளியின் தகவல்களை மறைவாகக் காப்பது எங்கள் கடமை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்று சட்டம் வரையறுத்துள்ள சில சூழல்கள் மட்டுமே விலக்கு.

குடும்பத்தார் கவனத்துக்கு

• “நடந்ததை மறந்துவிடு” என்னாதீர்கள். அருகில் அமர்ந்து, சொல்வதைக் கேளுங்கள்; சொல்லாததைத் துருவாதீர்கள்.
• பள்ளிப் பிள்ளைகளையே எப்போதும் மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். பெற்றோரின் முழு வேதனையையும் அவர்கள் தாங்க வேண்டியதில்லை.
• உறக்கமின்மையோ சோர்வோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் அழைத்து வாருங்கள்.
• “இருந்து என்ன பயன்” என்ற பேச்சு எழுந்தால் அன்றே வாருங்கள்; அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். 104 என்ற எண்ணும் உண்டு.

அந்தத் தாயார் இப்போது இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறார். மகனின் படம் இன்னும் அவரது கைப்பையில் இருக்கிறது. தலையிடி குறைந்துள்ளது, ஐந்து மணி நேரம் உறங்குகிறார். “யோசனை இருக்குது டொக்டர், ஆனா முந்தி மாதிரி இல்லை” என்கிறார். இப்போது அந்தச் சொல் எங்களுக்குப் புரிகிறது. நாங்கள் தவறவிடும் சொல் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எங்களை நிறுத்தி, அதன் பொருளைச் சொல்லுங்கள்.