இரண்டு போத்தல்களில் எது உங்களுக்கு?

மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பும் சகோதரிகளின் பயணப் பெட்டியில் சென்ற் போத்தல் இல்லாமல் இருப்பது அரிது. பேசாலை, தலைமன்னார்ப் பக்கம் வீடுகளுக்குப் போகும்போது பெண்கள் கேட்பதுண்டு: "இரண்டுமே பழ வாசம், இரண்டுமே இனிப்பு. எதை நான் வைத்துக்கொள்ள, எதை மச்சாளுக்குக் கொடுக்க?" சிறிய கேள்விதான். ஆனால் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்காகவே பார்த்துப் பழகிய ஒரு பெண், தனக்கென்று ஒன்றைத் தெரிவுசெய்யும் கேள்வி அது.

முதலில் ஒன்றை அறிந்துகொள்வோம். பூக்களிலிருந்து வாசனையைப் பிரித்தெடுக்கலாம். இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில், கஞ்சம் மாவட்டத்தில் தாழம்பூவைக் காய்ச்சி வடித்து வாசனை எடுக்கிறார்கள். அப்பிள், பீச் போன்ற பழங்களின் வாசம் அப்படிக் கிடைப்பதில்லை. அவை பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் செய்யப்படுபவை. பீச் வாசம் தரும் பொருள் 1908இல் கண்டறியப்பட்டது. பிரான்சின் கெர்லான் நிறுவனம் 1919இல் வெளியிட்ட 'மித்சுக்கோ'வில் அதைச் சேர்த்தது. எனவே பெட்டியிலுள்ள பழப் படத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஒரு மணிக்கட்டில் ஒன்றையும் மற்றதில் மற்றொன்றையும் சிறிதளவு பூசுங்கள். முதலில் வரும் எலுமிச்சை, தோடம்பழ வாசம் கால் மணி, அரை மணி நேரத்தில் பறந்துவிடும். வனிலா, சந்தனம் போன்ற கனமான வாசங்களே நீண்ட நேரம் நிற்கும். ஆகவே வீட்டு வேலையைப் பாருங்கள், இரண்டு மூன்று மணித்தியாலத்தின் பின் மணந்து பாருங்கள். அப்போதும் உங்களுக்குப் பிடித்திருப்பதே உங்களுடையது. வெயிலில் இனிப்பு வாசம் தூக்கலாகத் தெரியும். பகலுக்கு மெல்லியது, மாலைக்குக் கனமானது என்று வைத்துக்கொள்ளலாம். தோல் அரிப்போ இழுப்போ உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இதில் மதுசாரம் இருப்பதால் அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் பாவிக்கக் கூடாது.

கருவாடு போடும் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. மீன் வாடையின் மேல் சென்ற் அடித்தால் இரண்டும் கலந்து குமட்டும். அந்த வாடைக்குக் காரணமான பொருள் காரத் தன்மையுள்ளது. தேசிக்காய்ப் புளி அதை அடக்கும். முதலில் தேசிக்காய் தேய்த்து, சவர்க்காரத்தால் கழுவுங்கள். பிறகு சென்ற்.

"கணவனை இழந்தவளுக்கு வாசம் எதற்கு?" என்று கேட்பவர்கள் எமது ஊர்களில் உண்டு. போர் 2009 மே மாதம் முடிந்தது. இந்தக் கேள்வி முடியவில்லை. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணுக்கோ பொட்டு வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு. பூவும் பொட்டும் வாசமும் திருமணத்தோடு வந்தவை அல்ல; சிறுமியாக இருந்தபோதே எம்மிடம் இருந்தவை. பூசுவதும் பூசாமல் விடுவதும் அவளது விருப்பம். அயலில் ஒரு சகோதரி இவ்விரண்டில் எதைத் தெரிவுசெய்தாலும், ஏன் என்று கேட்காமல் இருப்பதே நாம் அவளுக்குச் செய்யக்கூடிய உதவி.