உங்களுக்குத் தெரியுமா? பள்ளி நோட்டிலிருந்து வந்த காபி வடிகட்டி!

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸுக்குக் காபி பிடிக்கும்; கோப்பையில் தங்கும் கசப்பு மண்டிதான் பிடிக்காது. பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகள் போட்டார். மகனின் பள்ளி நோட்டிலிருந்து மையொற்றுத் தாளைக் கிழித்து உள்ளே விரித்தார். தூளைக் கொட்டி வெந்நீர் ஊற்றினால், மண்டி தாளிலேயே நின்றுவிட, தெளிந்த டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது! 1908-இல் காப்புரிமை பெற்று, வெறும் 73 பென்னிக் (ஜெர்மன் சில்லறைக் காசு) மூலதனத்தில் நிறுவனமும் தொடங்கிவிட்டார். எத்தனை துணிச்சல்!

இன்னொரு நன்மை பிற்காலத்தில்தான் தெரியவந்தது. கொலஸ்ட்ராலைக் கூட்டும் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருளையும் தாள் பெருமளவு தடுத்துவிடுகிறது. நம் வீட்டு எவர்சில்வர் பில்டரில் தாள் கிடையாது. கொலஸ்ட்ரால் கூடுதலாக உள்ளவர்கள் இதை நினைவில் வையுங்கள்.