பேயைக் காட்டாத ட்ரெய்லர்

பேய்ப்பட ட்ரெய்லர் எப்படி என்று கேட்டால், எத்தனை இடத்தில் தூக்கிவாரிப்போட்டது என்பதை வைத்தே பெரும்பாலும் பதில் வருகிறது. சின்ன பட்ஜெட் படத்துக்கு இந்த அளவுகோல் உதவவே உதவாது. சில நொடி அமைதிக்குப் பிறகு காதைப் பிளக்கும் ஒரு சத்தம் எழுந்தால் யாருடைய உடம்பும் துள்ளத்தான் செய்யும். காசே இல்லாமல் எவரும் செய்துவிடக்கூடிய வேலை அது. படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கையில் பணம் இல்லாததை மூடி மறைக்க ட்ரெய்லர் படாதபாடு படுகிறதா, அல்லது அந்த இல்லாமையிலிருந்தே பயத்தை எடுத்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யை எடுத்துக்கொள்வோம். ஓரன் பெலி, அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் தன் சொந்த வீட்டிலேயே ஏறத்தாழ 15,000 டாலரில் எடுத்த படம். ஸ்டாண்டில் நிறுத்திய கேமரா இரவெல்லாம் ஒரு படுக்கையறையைப் பார்த்தபடி இருக்கும்; ஓரத்தில் நேரம் ஓடும். 2009இல் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட ட்ரெய்லர், படம் பார்க்க வந்த கூட்டத்தைத்தான் முதலில் காட்டுகிறது. இருட்டில் பதிவான அந்த முகங்கள் வாயைப் பொத்துகின்றன, பக்கத்தில் இருப்பவரிடம் ஒண்டிக்கொள்கின்றன. நடுநடுவே அந்த அறை வருகிறது. கேமரா அசைவதில்லை என்பதால் எங்கே பார்க்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. கதவோரம், கட்டிலின் கால்மாடு, இருண்ட நடை என்று கண் தானாகவே தேடத் தொடங்குகிறது. கிராபிக்ஸ் பேய்க்குச் செலவழிக்க வழியில்லாத படம், தேடும் வேலையைப் பார்ப்பவரிடமே ஒப்படைத்துவிடுகிறது. ட்ரெய்லரின் வெற்றி இதில்தான் இருக்கிறது என்பேன். பயந்த முகங்களை மட்டும் அடுக்கியிருந்தால், சுவரொட்டியில் அச்சிடும் பாராட்டு வாசகங்களுக்கு மேல் அவற்றுக்கு மதிப்பு இருந்திருக்காது.

வசூல்தானே கடைசித் தீர்ப்பு என்பார்கள். உலக அளவில் அந்தப் படம் 19 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது உண்மை. ஆனால் முதலில் கல்லூரி நகரங்களில் மட்டும் போட்ட நள்ளிரவுக் காட்சிகளுக்கும், எங்கள் ஊருக்கும் படம் வேண்டும் என்று ரசிகர்களை இணையத்தில் கேட்கவைத்த ஏற்பாட்டுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. 1999இல் வந்த ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ ஏறக்குறைய 25 கோடி டாலர் ஈட்டியது. காட்டில் காணாமல்போன மாணவர்களின் கதை நிஜம் என்று இணையதளமும் ‘காணவில்லை’ அறிவிப்புகளும் பலரை நம்பவைத்திருந்தன. படம் பார்க்கப் போனவர்களில் கணிசமானோர், கடைசிவரை எதையுமே காட்டவில்லையே என்று எரிச்சலோடு திரும்பினார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை டிக்கெட் விற்பனை சொல்லும். ட்ரெய்லர் என்ன வாக்குக் கொடுத்தது, படம் அதைக் காப்பாற்றியதா என்பதை அது சொல்லாது.

ஆகவே ட்ரெய்லரை இரண்டாம் முறை, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்க்கலாம். என்ன வரப்போகிறது என்பது தெரிந்துவிட்டது, அதிரவைக்கும் ஒலியும் இல்லை. அப்போதும் கண் திரையை விட்டு நகர மறுத்தால் அந்தப் பயம் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. திகில் படத்துக்கு ஒலிதானே உயிர், அதைப் பிடுங்கிவிட்டுச் சோதிப்பது நியாயமா என்று கேட்கலாம். சரியான கேள்விதான். பல இடங்களில் இருட்டும் குரலுமாகவே நகரும் ‘பிளேர் விட்ச்’ போன்ற படத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதன் ட்ரெய்லரைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.