சிற்றூரில் பல் மருத்துவரைத் தேடும்போது

பணிமாற்றத்தாலோ, ஓய்வுக்குப் பின் சொந்த ஊர் திரும்புவதாலோ சிறிய ஊரொன்றில் குடியேறுவோர், வங்கிக் கணக்கையும் எரிவாயு இணைப்பையும் முதல் மாதத்திலேயே மாற்றிக்கொள்கின்றனர். பல் மருத்துவரைப் பற்றிய நினைவு மட்டும் வலி தொடங்கிய பிறகே எழுகிறது. அப்போது தேர்ந்தெடுக்க அவகாசமின்றி, கண்ணில் படும் முதற்பலகையை நம்பிச் செல்ல நேரிடுகிறது.

அப்பலகையில் பெயருக்குப் பின்னுள்ள எழுத்துகளை முதலில் நோக்குக. பி.டி.எஸ். என்பது பயிற்சிக் காலம் உட்பட ஐந்தாண்டுப் படிப்பு, எம்.டி.எஸ். அதன்மேல் மூன்றாண்டுச் சிறப்புப் படிப்பு. சட்டப்படி, பட்டத்துடன் மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவும் வேண்டும். பதிவெண்ணைக் கேட்பது அவமதிப்பாகாது. வங்கியில் தங்களிடம் அடையாளச் சான்று கேட்கிறோம் அல்லவா?

இதனை வலியுறுத்தக் காரணமுண்டு. நாட்டின் பல சிறுநகரங்களில் முறையான பயிற்சியற்ற சிலர், ஒரே நாளில் மலிவாகப் பல் கட்டித் தருகின்றனர். தானே இறுகும் அக்ரிலிக்கை ஈறின்மீதே வைத்து, அடுத்த பற்களோடு கம்பியால் பிணைத்துவிடுவர். கழற்றிக் கழுவ இயலாத அதனடியில் உணவுத்துகள் தேங்கும்; ஈறு புண்ணாகும்; தாங்கி நின்ற நல்ல பற்களும் ஆடத் தொடங்கும். முறையாகச் செய்யப்படும் பல் செட்டுக்கு அச்செடுத்து, ஆய்வகத்தில் உருவாக்கி, பொருத்திப் பார்த்துத் திருத்தச் சில நாட்கள் ஆகவே ஆகும்.

எக்ஸ்ரே படமின்றி வேர் சிகிச்சையைத் தொடங்குபவரைத் தவிர்ப்பது நன்று. கருவிகள் ஆட்டோகிளேவில் தூய்மையாக்கப்பட்டு, உறை பிரித்து எடுக்கப்படுகின்றனவா என்பதையும் கவனிக்கலாம், கொதிநீர் போதாது. வேர் சிகிச்சைக் கட்டணத்தில் பல்லுக்கு மேலுறை பொருத்தும் செலவு அடங்குமா என்பதை முன்னரே எழுதி வாங்குக. பிற்பாடு எழும் மனத்தாங்கல்களுக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பெரும்பான்மையான மருத்துவக் காப்பீடுகள், விபத்தால் நேர்ந்தவை நீங்கலாக, புறநோயாளிப் பல் சிகிச்சையை ஏற்பதில்லை. எனினும், காப்பீடு இல்லாத 60 வயது நிறைந்தோரின் மருத்துவச் செலவுக்குப் பழைய வரிமுறையில் ஆண்டுக்கு ரூ.50,000 வரை கழிவுண்டு. ரொக்கமாகச் செலுத்தியது இதில் சேராது. ஆகவே காசோலை, அட்டை அல்லது யு.பி.ஐ. வழியே செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்துக.

உள்ளூரில் எவரும் மனநிறைவு தராவிடில், மாவட்ட அரசு மருத்துவமனையின் பல் பிரிவையோ அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியையோ நாடலாம். கல்லூரியில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சையளிப்பதால் கட்டணம் குறைவு. காத்திருக்கும் நேரம் அதிகம். ஓய்வூதியர்களுக்கு அது பெரிய குறையாக இராது.