இலங்கைக்கு ஒரு பாரசீகக் கிரியோல்

ஹுன்னஸ்கிரிய பஜாரில் ஒரு கடை. தராசைப் பார்த்து, "எடை கம்மியா இருக்கே அண்ணே" என்கிறீர்கள். பஜார், தராசு, கம்மி மூன்றுமே பாரசீகத்திலிருந்து வந்த சொற்கள். பாரசீகம் கல்லிலும் வந்தது. 1911இல் காலி நகரில் கிடைத்த கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. 1409ஆம் ஆண்டு தேதியிட்ட அந்தக் கல்லைக் கொண்டுவந்தவர் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

ஆனாலும் பாரசீகத்திலிருந்து இங்கே ஒரு புது மொழி பிறக்கவில்லை. ஏன்?

வியாபாரத்துக்குச் சில சொற்கள் போதும். புது மொழிக்குப் பிள்ளைகள் வேண்டும். பல மொழிக்காரர் கலந்து வாழும் ஊரில், அந்தக் கலப்புப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைகள் அதற்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்துத் தாய்மொழி ஆக்கிக்கொள்வார்கள். அதுதான் கிரியோல். மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கீசம் அப்படிப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் வந்த மலாய்க்காரரின் பேச்சும் இங்கே மாறிப்போனது. அதைக் கிரியோல் என்பதா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும்! மலேசியாவில் "சாயா மாக்கான் நாசி", அதாவது "நான் சாப்பிடுகிறேன் சோறு" என்பார்கள். இலங்கை மலாயில் பெரும்பாலும் சோறு முன்னே, சாப்பிடுவது கடைசியில். நம்மைப் போலவே!

சரி, பாரசீகக் குடும்பங்கள் இங்கே குடியேறியிருந்தால்? ஊகித்துப் பார்ப்போம்.

"மன் நான் மீகோரம்." மன் என்றால் நான், நான் என்றால் ரொட்டி, மீகோரம் என்றால் சாப்பிடுகிறேன். வினை ஏற்கெனவே கடைசியில்தான் இருக்கிறது. மலாய்ப் பிள்ளைகள் பட்ட பாடு இதில் இல்லை.

அடுத்தது கொஞ்சம் சிக்கல். 'வீட்டிலிருந்து' என்பதற்குப் பாரசீகத்தில் "அஸ் கானே". 'இருந்து' முன்னால் நிற்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் அது பின்னால்தான் வரும். ஆகவே நம் ஊர்ப் பிள்ளைகள் "கானே அஸ்" என்று திருப்பிப் போட்டிருப்பார்கள். இது வெறும் கற்பனை இல்லை. போர்த்துக்கீசத்தில் பெயருக்கு முன்னால் நின்ற 'பாரா', மட்டக்களப்பில் பெயரின் வாலாக ஒட்டிக்கொண்டது.

தமிழும் சிங்களமும் ஒத்துப்போகும் இடங்களில் இப்படித் துணிந்து சொல்லலாம். ஒத்துப்போகாத இடத்தில்தான் வேடிக்கை. தமிழில் சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய் என்று ஆளுக்கு ஆள் முடிவு மாறும். பேச்சுச் சிங்களத்தில் "மம கனவா", "ஓயா கனவா": யார் சாப்பிட்டாலும் கனவாதான். பாரசீகம் இதில் தமிழின் கட்சி: மீகோரம், மீகோரி.

ஹுன்னஸ்கிரியவில் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து இந்த மொழியை வளர்த்திருந்தால் அந்த முடிவுகள் நின்றிருக்குமா, உதிர்ந்திருக்குமா? உங்கள் விடையைக் காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.