பற்றை வெட்டிய கணக்கு

எங்கள் வளவின் படலை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. 1990 ஆனி மாதம் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு 19 வயது. 2016இல் காணியை விட்டார்கள் என்று போய்ப் பார்த்தால் ஒழுங்கையும் வளவும் ஒன்றாகிப் பற்றைக் காடாய்க் கிடந்தது. ஐயா வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் தலை மட்டும் மேலே தெரிந்தது. அதைக் குறியாக வைத்து, "அதுதான் பிள்ளை எங்கடை வளவு" என்று அம்மா தூரத்தில் நின்று கையைக் காட்டினார். உள்ளே கால் வைக்க வழியில்லை.

காணி கிடைத்த சந்தோஷத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதற்கு அடுத்த நாளே வருகிற செலவைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இன்னமும் காணி விடுபடாமல் காத்திருக்கிற சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று எங்கள் கணக்கை உள்ளபடி எழுதுகிறேன். தொகைகள் 2016ஆம் ஆண்டுக்குரியவை. 2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கூலி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆனால் கணக்குப் பார்க்கும் முறை மாறவில்லை.

எங்களது நாலு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்றபடியால், கால் ஏக்கர். முதலில் வந்தவர் குத்தகை பேசினார். "மொத்தமாய் 45,000 தாங்கோ அக்கா, ஒரு கிழமையிலை வெளியாக்கித் தாறன். விறகு எனக்கு." கடைசியில் மெதுவாகச் சொன்ன அந்த விறகு விஷயத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. இருபத்தாறு வருடம் வளர்ந்த வேம்பும் இப்பில் இப்பிலும் உள்ளே நிற்கின்றன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்தது ஜேசிபி. மணித்தியாலத்துக்கு 3,000 ரூபாய், கொண்டுவந்து இறக்குகிற கூலி வேறு. ஐந்து மணித்தியாலத்தில் முடியும் என்றார்கள். கேட்க நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி ஒருவர் அப்படிச் செய்வித்தார். மெசின் பற்றையோடு மேல்மண்ணையும் வழித்துக் குவித்துவிட்டது. எல்லைக் கற்கள் போய்விட்டன. கிணற்றுக்கட்டு வெடித்தது. பிறகு எல்லை பிடிக்க நில அளவையாளருக்குக் கட்டிய காசு, ஜேசிபிக்குக் கொடுத்ததை விடக் கூட. வேலி இல்லாத ஊரில் எல்லைக்கல்லுத்தான் எங்களுக்கு உறுதி மாதிரி. ஆகவே ஆட்களை வைத்துக் கையால் வெட்டுவது என்று முடிவெடுத்தேன்.

நாட்கூலி ஆணுக்கு 1,500, பெண்ணுக்கு 800. மரம் தறிக்க இரண்டு தம்பிமாரும், பற்றைக்கு நாலு பெண்களும் போதும் என்று கணக்குப் போட்டேன். பெண்கள் மலிவு என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். மல்லாகத்தில் நலன்புரி நிலையத்தில் இருந்த காலத்தில் ஏழாலை வெங்காயத் தோட்டங்களில் புல்லுப் பிடுங்கப் போனவள் நான். பக்கத்து வரம்பில் வேலை செய்த ஆணுக்குக் கிடைத்ததில் பாதியை வாங்கிக்கொண்டு, வழி முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு வந்தவள். அந்த நானே இப்போது 800 பேசினேன்.

வேலை தொடங்க முன்னர் கிராம சேவையாளரிடம் போனேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பனையைத் தறிக்காதேயுங்கோ, அதற்குப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். மற்றது, பற்றைக்கு நெருப்பு வைக்கவே வேண்டாம். வெடிபொருள் எதுவும் கிடந்தால் நெருப்பில் வெடிக்கும். நெருப்பு வைத்தால் கூலி பாதியாகும் என்று ஆலோசனை சொன்னவர்கள் பலர். கேட்காதது நல்லதாய்ப் போயிற்று. இரண்டாம் நாள் மத்தியானம் கிணற்றடியில் மண்ணுக்குள் துருப்பிடித்த இரும்பு ஒன்று தலை காட்டியது. ஒரு தங்கச்சி, "அக்கா, தொடாதேங்கோ" என்று சத்தம் போட்டாள். எல்லோரும் வந்த வழியே கால் வைத்து வெளியே வந்தோம். கிராம சேவையாளருக்கும் பொலிஸுக்கும் அறிவித்தோம். பழைய எறிகணை. உரியவர்கள் வந்து எடுத்துப்போய், சுற்றிவரவும் பார்த்துத் தந்தார்கள். அதற்கு எங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. இப்படியானதைக் கூலியாட்களைக் கொண்டு அகற்றுவிக்க யாரும் நினைக்கக் கூடாது. அரை நாள் வேலை நின்றது. அந்த அரை நாளுக்கும் கூலி கொடுத்தேன். ஆபத்து அவர்களுக்கும்தானே.

இன்னொரு பயம் பாம்பு. முத்திரைப் புடையன் சருகுக்குள் கிடந்தால் தெரியாது. நீளத் தடியால் தட்டிவிட்டுத்தான் கத்தி போட்டார்கள். நான் இரண்டு சோடி சப்பாத்து இரவல் வாங்கிக் கொடுத்தேன். நாலு பெண்களுக்கு இரண்டு சோடி. மாறி மாறிப் போட்டார்கள்.

தம்பிமார் மூன்று நாளில் மரங்களை முடித்துவிட்டுப் போனார்கள். பிறகு இரண்டு நாள் பெண்கள் மட்டும். நாயுண்ணிப் பற்றையை அடியோடு கிண்டி எடுப்பது மரம் தறிப்பதை விட இலேசு என்று யாரும் சொல்ல முடியாது. கையெல்லாம் கிழிந்து இரத்தம். அதில் ஒருத்தி கணவன் காணாமல் போனவள், மூன்று பிள்ளைகள். மண்வெட்டி பிடித்த பிடியைப் பார்க்க எனக்கு என் கையே நினைவுக்கு வந்தது.

ஐந்தாம் நாள் விறகு விற்றேன். லான்ட்மாஸ்டர் பெட்டியில் இரண்டு லோட், லோட் 3,500 படி 7,000 ரூபாய். குத்தகைக்காரர் மெதுவாய்க் கேட்ட விறகு இதுதான். அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்களின் கூலியை 1,100 ஆக்கினேன். நாலு பேருக்கு ஐந்து நாள், கூடுதலாக 6,000. நான் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு காசை நீட்டினேன். மண்வெட்டிக்காரி எண்ணிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பாதி வழி வந்திட்டியள் அக்கா" என்றாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. 1,500 கொடுக்கக் காசும் இருக்கவில்லை. அடுத்த ஒழுங்கையில் இருந்து ஒரு ஐயா வந்து, "கூலியைக் கெடுத்துப்போட்டாய் பிள்ளை" என்று என்னை ஏசிவிட்டுப் போனார். அவருக்கும் பற்றை வெட்ட இருந்தது.

மொத்தக் கணக்கு இது. தம்பிமாருக்கு 9,000. பெண்களுக்கு 22,000. தேத்தண்ணி, மத்தியானச் சாப்பாடு 5,500. அரம், கத்திப்பிடி, கயிறு 2,000. கிணறு இறைத்துச் சேறு எடுக்க 7,000. எல்லாமாக 45,500. விறகுக் காசு போக 38,500. குத்தகைக்காரர் கிணற்றைத் தொடாமலே 45,000 கேட்டிருந்தார். மீள்குடியேற்றக் கொடுப்பனவு 38,000 ரூபாய் எங்களுக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. கொட்டில் போடவும் அதுதான். ஆகவே இந்தச் செலவு முழுவதும் நான் கட்டிய சீட்டுக்காசு. சீட்டை முன்னுக்கு எடுத்த கழிவையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதை எழுத வெட்கமாய் இருக்கிறது.

ஒரு பிழை விட்டேன். ஐப்பசி மழை தொடங்கப் பத்து நாள் இருக்கையில் வெட்டுவித்தேன். நிலம் வெறுமையாய்க் கிடந்தது. முதல் மழையோடு இப்பில் இப்பில் அடிக்கட்டைகள் எல்லாம் தளிர்த்தன. விதைகளும் முளைத்தன. பார்த்தீனியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, வெள்ளைப் பூவோடு நின்றது. திரும்பக் கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லை. மண் ஈரமாய் இருக்கும்போது நானும் மகளும் விடியப்புறம் ஒரு மணித்தியாலம் பிடுங்கினோம். பார்த்தீனியத்துக்குக் கையுறை போடவேண்டும், இல்லாவிட்டால் கை கடித்துத் தடிக்கும். பூக்க முன்னர் பிடுங்கினால்தான் பயன். ஆவணியிலேயே வெட்டி, மழைக்கு முன் மரவள்ளித் தடியை ஊன்றியிருந்தால் பாதி முளை நிழலிலேயே அடங்கியிருக்கும். அடுத்த வருடம் அப்படித்தான் செய்தோம். முருங்கையும் நட்டோம், பக்கத்து வீட்டு ஆடுகளையும் கட்டவிட்டோம்.

அந்த வருடம் வேலிக்குக் கதியால் போட இரண்டு நாள் ஆள் தேவைப்பட்டது. மண்வெட்டிக்காரியைத்தான் கூப்பிட்டேன். இந்த முறை கூலியை நான் பேசவில்லை, அவளைக் கேட்டேன். ஆணுக்குக் கொடுக்கிறதையே கேட்டாள். கொடுத்தேன். மற்ற மூன்று பேரையும் கூப்பிட என்னிடம் அப்போது காசில்லை.