அசைபோடும் மனசும் அன்றாடச் சிக்கலும்

பொத்தேரி ரயில் நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்கு நிற்கும் ஒரு மாணவனை வைத்துக்கொள்வோம். இரண்டு தாளில் அரியர். ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி, எதுக்குமே லாயக்கில்லையோ’ என்று மூன்று நாளாக உள்ளே ஓடுகிறது. மறுதேர்வுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி என்னவென்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

சோம்பல் என்று திட்டிவிடலாம், சுலபம். உளவியலாளர்கள் லியுபோமிர்ஸ்கியும் நோலன்-ஹோக்ஸெமாவும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. சோர்விலிருப்பவர்களைத் தங்களைப் பற்றியே யோசிக்கவைத்தால், அன்றாட உறவுச் சிக்கல்களுக்கு அவர்கள் சொல்லும் தீர்வுகள் மட்டமாகின்றன. கவனத்தை வேறெதிலாவது திருப்பிவிட்டால் சோர்வில்லாதவர்களுக்குச் சமமாகச் சொல்கிறார்கள். ஆக, மூளை மழுங்கவில்லை.

‘அசைபோடுதல்’ என்கிற சொல் சற்று ஏமாற்றும். மாடு அசைபோட்டால் செரிக்கும். மனசுக்கு அப்படியில்லை; எதை, எப்படி மெல்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2005-இல் வாட்கின்ஸும் மோல்ட்ஸும் காட்டியது இதைத்தான். ‘ஏன் இப்படி ஆனேன்’ என்று பொத்தாம்பொதுவாகச் சுற்றுவதைவிட, ‘என்ன நடந்தது, எப்படி நடந்தது’ என்று பார்ப்பது மனச்சோர்வுள்ளவர்களின் சிக்கல் தீர்க்கும் திறனைக் கூட்டியது.

நம்மாட்கள் இங்கே கோபப்படுவார்கள். ‘ஏன்’ என்பதையே நோயாக்கிவிட்டால் அரசியல் எங்கே மிஞ்சும்? நியாயம்தான். ஆனால் இவனுடைய ‘ஏன்’ அந்த ‘ஏன்’ அல்ல. ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு, வீட்டின் முதல் பட்டதாரி என்கிற பாரம், கல்விக்கடன் எல்லாவற்றையும் தன் குணக்கேடாகச் சுருட்டிக்கொள்கிற கேள்வி அது. (‘பாஸிட்டிவா யோசிப்பா’ என்கிறவரும் அதே சுருட்டலைத்தான் செய்கிறார்.) எந்த வாரத்திலிருந்து பாடம் புரியாமல் போச்சு என்று கேட்டுப்பார்த்தால், பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் அதே வாரம்தான் என்பது தெரியவரலாம்.